ஸ்பேனர் கடைசியில்தான், சித்தப்பா!

ஆறுமுகநேரியை ஒட்டிய சாகுபுரத்தில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றிலும் உப்பளங்கள், பக்கத்தில் பெரிய ரசாயனத் தொழிற்சாலை, கிழக்கே போனால் கடல். வாசலில் தாத்தாவின் பழைய புல்லட் நிற்கிறது. தாத்தாவுக்கு முழங்கால் வலி. கிக்கரை மிதிக்க முடியாமல் வண்டியைப் படுதா போட்டு மூடி வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது சித்தப்பாவுக்கு அதை ஓட்டும் ஆசை வந்திருக்கிறது. தூசி தட்டினார், புது பெட்ரோல் ஊற்றினார், வேர்த்து விறுவிறுக்க மிதித்தார். வண்டி கிளம்பியும்விட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் சிமென்டுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம்.

"ஆயில் லீக்கு மக்கா. எல்லா நட்டையும் ஒரு இறுக்கு இறுக்குனா நின்னுரும்" என்று சித்தப்பா ஸ்பேனர் பெட்டியைத் திறக்கிறார்.

"கொஞ்சம் இருங்க சித்தப்பா. எங்கேருந்து ஒழுகுதுன்னு தெரியுமா?"

"அதான் கீழ சொட்டுதே!"

சொட்டுகிற இடம் தெரிகிறது, சரி. ஒழுகுகிற இடம் தெரியவில்லையே! இன்ஜினின் உச்சியில் கசிந்த எண்ணெய் இரும்பு, அலுமினியம், போல்ட், குழாய் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இறங்கி, ஆகத் தாழ்ந்த ஒரு போல்ட்டின் தலையில் வந்து சொட்டும். வண்டி ஓடும்போது எதிர்காற்று அதைப் பின்னுக்கும் தள்ளிக்கொண்டு போகும். அந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. இந்த மாதம் நாம் பேசப்போவது அந்த எண்ணெயின் பயணத்தைப் பற்றி. வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. புல்லட் என்ற பெயரில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932லேயே வண்டி செய்தது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் வண்டித் தயாரிப்பே இல்லை. திருவொற்றியூரிலோ ஏறக்குறைய அதே இன்ஜினைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். 1977இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள்! ஒரே இன்ஜினைப் பல பத்தாண்டுகள் செய்ததால் பழைய புல்லட்டுக்கு உதிரி பாகம் கிடைப்பது எளிது. புதிதாக வேலை பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பழைய வண்டி நம் நாட்டில் இல்லை என்பது என் கட்சி. ஜாவா வண்டி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

இன்றைய வண்டிகளில் இன்ஜின், கியர், கிளட்ச் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பழைய புல்லட்டில் எண்ணெய்க்கு மூன்று தனி அறைகள். நடுவில் இன்ஜின். அதற்குப் பின்னால் தனியாக கியர்பாக்ஸ். இடது பக்கம், இரண்டையும் இணைக்கும் சங்கிலியும் கிளட்ச்சும் ஓடும் மூடி. இன்ஜின் எண்ணெயைச் சேர்த்துவைக்கும் தொட்டியும் இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே, கிராங்குக்குப் பின்னால் இருக்கிறது. வலது பக்க மூடிக்குள் இரண்டு சின்ன பம்புகள். ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து உள்ளே அனுப்பும். மற்றது, வேலை முடிந்து கீழே வடிந்த எண்ணெயை அள்ளித் தொட்டிக்குத் திருப்பும். அள்ளுகிற பம்பு பெரியது. அப்போதுதான் அடியில் எண்ணெய் தேங்காது.

ஆகவே துப்பறிகிறவரின் முதல் கேள்வி: மூன்றில் எந்த அறை? வலது பக்கம் ஈரமா, இடது பக்கம் ஈரமா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. சைடு ஸ்டாண்டு இடது பக்கம் இருக்கிறது. அதில் சாய்த்து நிறுத்திய வண்டியில் வலது பக்கம் கசிந்த எண்ணெயும் அடிவழியாக இடது பக்கம் நகர்ந்து வந்து சொட்டும். அதனால் சோதனைக்கு எப்போதும் நடு ஸ்டாண்டுதான். அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, முன்சக்கரம் எந்தப் பக்கம், பின்சக்கரம் எந்தப் பக்கம் என்று அதில் குறித்துவிடுங்கள்.

அடுத்து, கழுவ வேண்டும். ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிசினாக ஒட்டியிருக்கும்போது புதுக் கசிவு எங்கே தெரியப்போகிறது? பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷுமாகத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுக்கட்டும். பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

இந்த இடத்தில் சித்தப்பாவுக்கு இன்னொரு யோசனை வரும். "நம்ம ஊர்ல காஸ்டிக் சோடாவுக்கா பஞ்சம்? கரைச்சு ஊத்துனா பளபளன்னு ஆயிரும்."

ஊரில் பஞ்சமில்லை என்பது உண்மைதான். சாகுபுரத்தின் டி.சி.டபிள்யூ. தொழிற்சாலையில் உப்புநீருக்குள் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். கூடவே குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. உப்பில் இருந்த சோடியம் காஸ்டிக் சோடாவாகிறது. உப்பளம் இருக்கிற இடத்தில் அந்தத் தொழிற்சாலை வந்ததற்குக் காரணமே இதுதான். ஆனால் புல்லட்டின் இன்ஜின் கூடு அலுமினியம். அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் சில உலோகங்களில் அலுமினியம் ஒன்று. காஸ்டிக் சோடாக் கரைசல் பட்டால் அதன்மேல் இருக்கும் காப்புப் படலம் முதலில் கரையும். பிறகு அலுமினியமே கரையும், ஹைட்ரஜன் குமிழ்குமிழாக வெளிவரும். ஹைட்ரஜன் தீப்பற்றும். கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கும். இவ்வளவு சேதத்துக்கும் பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. சமையல் எண்ணெயைக் காஸ்டிக் சோடா சோப்பாக மாற்றும். சோப்பு செய்வதே அப்படித்தான். இன்ஜின் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து வந்த ஹைட்ரோகார்பன். அது காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாகாது. ஆக, எண்ணெய் அப்படியே இருக்கும், இன்ஜின்தான் கரையும்!

கழுவித் துடைத்து உலர்ந்த பிறகு நம் ஆயுதம் முகப் பவுடர். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் பொடித்தாலும் போதும். மெல்லிய துணியில் கட்டி, இன்ஜின்மேல் எல்லா இணைப்புகளிலும் லேசாகத் தட்டித் தூவுங்கள். மூக்கில் ஏறாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சித்தப்பா வண்டியைக் கிளப்பி, திறந்த வெளியில் சூடேறும்வரை ஓடவிடட்டும். வெள்ளையாக இருந்த இடத்தில் எங்கோ ஒரு கருத்த கோடு கிளம்பும். நீங்கள் பார்க்க வேண்டியது கோடு முடிகிற இடத்தை அல்ல. அது தொடங்கும் இடத்தை. இருக்கும் ஈரங்களில் ஆக மேலே, ஆக முன்னால் இருப்பதுதான் குற்றவாளி.

பவுடர் ஏன் கருக்கிறது? பவுடர்த் துகள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடக்கூடியது. ஆனால் துகளுக்கும் துகளுக்கும் நடுவில் காற்று. காற்றிலிருந்து துகளுக்குள்ளும் துகளிலிருந்து காற்றுக்கும் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒளி வளைந்து சிதறுகிறது. சிதறி நம் கண்ணுக்குத் திரும்புவதால் வெள்ளை. எண்ணெய் வந்து அந்த இடுக்குகளை நிரப்பினால், எண்ணெயும் துகளும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் சிதறல் குறைந்துவிடுகிறது. ஒளி பவுடரைக் கடந்து அடியில் இருக்கும் கருத்த உலோகத்தைக் காட்டிவிடுகிறது. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிறதே, அதே சங்கதி.

வண்டி சூடேற வேண்டும் என்றேன். அதற்கும் காரணம் உண்டு. பழைய புல்லட்டுக்குப் பெரும்பாலும் 20டபிள்யூ-50 என்ற எண்ணெய் ஊற்றுவார்கள். 40 டிகிரி செல்சியஸில் இருந்ததைவிட 100 டிகிரியில் அது ஏறத்தாழ எட்டு ஒன்பது மடங்கு இளகிவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் தேன்போல் நகராமல் கிடந்த எண்ணெய், திருச்செந்தூர் வரை போய் நிறுத்தியதும் எந்த மயிரிழை இடுக்கிலும் நுழைந்துவிடும். அதனால்தான் கசிவு ஓட்டும்போது தெரியாமல், நிறுத்திய பிறகு தெரிகிறது. வீட்டிலேயே சோதிக்க ஒரு தட்டைச் சாய்த்து வைத்து விளக்கெண்ணெய் ஒரு சொட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு அதே தட்டை வெயிலில் காயவைத்து மறுபடி விடுங்கள். விளக்கெண்ணெயை மட்டமாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளிலும் விமானங்களிலும் அதுதான் ஓடியது.

எண்ணெய் இளகினால் மட்டும் போதாது, யாராவது தள்ளவும் வேண்டும். தள்ளுவது பிஸ்டன். புல்லட் 350இன் பிஸ்டன் 70 மி.மீ. அகலம், 90 மி.மீ. தூரம் ஏறி இறங்கும். கணக்குப் போட்டால் 346 க.செ.மீ. வருகிறதா? பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தனக்குக் கீழே இருக்கும் அவ்வளவு காற்றை அமுக்குகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 2,000 அமுக்கல். அந்தக் காற்று வெளியேற ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியில் ஒரு வால்வு. உள்ளிருந்து காற்று வந்தால் திறக்கும், வெளிக்காற்று நுழையப் பார்த்தால் மூடிக்கொள்ளும். வருஷக்கணக்காக நின்ற வண்டியில் இந்தக் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், வால்வின் ரப்பர் காய்ந்து ஒட்டியிருக்கலாம். வெளியேற வழியில்லாத காற்று, எண்ணெயையும் இழுத்துக்கொண்டு பலவீனமான எல்லா இணைப்பு வழியாகவும் பீறிடும். எட்டு இடத்தில் ஒழுகுகிறதா? எட்டு இடத்தையும் பிரிக்காதீர்கள். முதலில் மூச்சுக்குழாயைப் பாருங்கள்.

கசிவே இல்லாத கசிவு ஒன்றும் இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் தொட்டியில் இருக்கும் எண்ணெய் பம்பின் நுண்ணிய இடைவெளி வழியாக மெல்ல மெல்லக் கிராங்கு அறைக்குள் இறங்கிவிடும். வண்டியைக் கிளப்பியதும் அந்த எண்ணெயைப் பிஸ்டன் மூச்சுக்குழாய் வழியாகத் துப்பும். வாசலே எண்ணெய்க் குளம். எதுவும் கெடவில்லை. சில நிமிடம் ஓடினால் பம்பு மிச்சத்தை அள்ளித் தொட்டியில் போட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவர் இதைப் பார்த்து இன்ஜினையே பிரித்துவிடுவார். சில பேர் அளவுகோலில் எண்ணெய் குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஒரு லிட்டர் ஊற்றுவார்கள். பிறகு அதுவும் வெளியே வரும். எண்ணெய் அளவை வண்டி ஓடி நின்ற பிறகு பார்ப்பதே சரி.

சரி, பவுடர் சோதனையில் கோடு எங்கே தொடங்கியது? வலது பக்கம், சிலிண்டரின் அடியில் இருக்கும் டேப்பட் மூடியில் என்று வைத்துக்கொள்வோம். புல்லட்டில் அடிக்கடி கசியும் இடம் அது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன மூடி, ஒரே ஒரு நட்டு. நடுவில் கசிவை மறிக்கும் ஒரு கேஸ்கட். புதியவர் கைவைக்க இதைவிட வசதியான இடம் இல்லை.

இங்கேதான் சித்தப்பாவின் ‘ஒரு இறுக்கு’ எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். ஸ்பேனரின் நீளம் 15 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு உங்கள் கை ஏறத்தாழ 94 செ.மீ. நகர்கிறது. நட்டு முன்னேறுவது 1 மி.மீ. என்று கொள்வோம். 940 மடங்கு! நீங்கள் 10 கிலோ எடை தூக்கும் விசையில் இழுத்தால் 9,400 கிலோ. பயப்படாதீர்கள், அதில் பத்தில் ஒன்பது பங்கை மரையிலும் நட்டின் அடியிலும் இருக்கும் உராய்வு தின்றுவிடும். மிச்சமே 900 கிலோவுக்கு மேல். அந்தச் சின்ன மூடியின் நடுவில் அத்தனை விசை விழுந்தால் நடுப்பகுதி உள்ளே குழிந்து, ஓரம் வெளியே தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்க ஏன் அதிகமாக ஒழுகுகிறது என்று பலர் தலையைச் சொறிவது இதனால்தான். பல போல்ட் இருக்கும் மூடிகளில் வேறு ஆபத்து. அலுமினியத்தில் வெட்டிய மரை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள் பல உண்டு. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. கைக்குக் கிடைத்த போல்ட் இரண்டு சுற்று உள்ளே போனதும் ‘பொருந்திவிட்டது’ என்று திருகினால் மரை போச்சு.

நட்டு கழல மறுக்கிறதா? நம் ஊர்க் காற்றின் வேலை அது. கொண்டல் அடிக்கும்போது கடலிலிருந்து வரும் உப்புத்துகள் வண்டிமேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்து உப்புநீராகிவிடும். அலுமினியக் கூடு, இரும்பு போல்ட், நடுவில் உப்புநீர். அறிவியல் புத்தகத்தில் படித்த மின்கலம் உருவாகிவிட்டதே! இந்தக் கலத்தில் அரித்துப்போவது அலுமினியம். அது வெள்ளைப் பொடியாகி, முன்பிருந்ததைவிட அதிக இடம் பிடித்துக்கொண்டு, போல்ட்டை நெரித்துப் பிடிக்கும். கேஸ்கட் உட்காரும் முகத்தில் குழிகளையும் விழவைக்கும். இறுகிய போல்ட்டுக்கு மருந்து வெந்நீர். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கொதிக்கும் நீரைப் பெரியவர் மெல்ல ஊற்றினால் ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக அகலும். பிடி தளரும்.

இந்த விரிவு நமக்கு உதவுகிற அளவுக்கு உபத்திரவமும் செய்கிறது. புல்லட்டில் சிலிண்டரை மேலே மூடும் தலை அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. 10 செ.மீ. அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.23 மி.மீ. நீளும். அதே அளவு வார்ப்பிரும்பு 0.11 மி.மீ.தான் நீளும். வித்தியாசம் நோட்டுத்தாள் ஒன்றின் தடிமன். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு முகமும் அந்த அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று உரசுகின்றன. நடுவில் இருக்கும் கேஸ்கட் இதைத் தாங்கிக்கொண்டே எண்ணெயையும் மறிக்க வேண்டும். பாவம், எத்தனை வருஷம்தான் தாங்கும்?

மூடியைக் கழற்றியாயிற்று. பழைய கேஸ்கட்டை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டுங்கள். இரும்பு உளியை வைத்தால் புதுக் கீறல் விழும், புதுக் கசிவு வரும். இப்போது மூடி சமமாக இருக்கிறதா என்று பார்ப்போம். சமதளத்துக்கு வீட்டில் கிடைப்பதில் கண்ணாடிதான் சிறந்தது. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, மூடியின் முகத்தைக் கவிழ்த்து, அழுத்தாமல் எட்டுப்போட்டு நாலைந்து முறை தேய்த்துத் திருப்பிப் பாருங்கள். சில இடம் பளபளக்கும், சில இடம் மங்கலாகவே இருக்கும். பளபளப்பது மேடு, மங்கல் பள்ளம். கையால் தடவினால் ஒன்றும் தெரியாத வளைவை உப்புத்தாள் வரைந்து காட்டிவிடுகிறது. முகம் முழுக்க ஒரே பளபளப்பு வரும்வரை பொறுமையாகத் தேய்த்தால் மூடி சமமாகிவிடும். பிறகு நன்றாகக் கழுவுங்கள். உப்புத்தாளின் ஒரு துகள் இன்ஜினுக்குள் போனாலும் அது அங்கேயும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கேஸ்கட் கடையில் கிடைக்கும். ஆனால் நாமே வெட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. கேஸ்கட் ஷீட் என்று கேட்டால் தடித்த தாள்போல் தருவார்கள். மூடியின் ஓரத்தில் விரலால் துளி எண்ணெய் தடவி ஷீட்டின்மேல் அழுத்தி எடுத்தால் முத்திரை குத்தியதுபோல் தடம் விழும். அந்தத் தடத்தின்மேல் கத்தரித்தால் கேஸ்கட் தயார். ஓட்டையை மட்டும் ஒரு நூல் பெரிதாக வெட்டுங்கள். மெக்கானிக் அண்ணாச்சிமார் இதன் இரு பக்கமும் அனபாண்ட் என்ற பசையைத் தடவுவார்கள். தப்பில்லை, ஆனால் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். தாராளமாகப் பிதுக்கினால் உள்பக்கம் பிதுங்கியது உறைந்து, உதிர்ந்து, எண்ணெய் போகும் துளையை அடைக்கும். பொருத்தி, நட்டை விரலால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவே. மறுநாள் ஓட்டி ஆறிய பிறகு இன்னும் கொஞ்சம் தேவையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கோடு இடது பக்க மூடியில் தொடங்கியிருந்தால் சமாச்சாரம் வேறு. அங்கே காகிதத்துக்குப் பதில் ரப்பர் வளையம் இருக்கும். அந்தப் பெரிய மூடியைப் பிடித்திருப்பதும் நடுவில் ஒரே நட்டுதான். அங்கேயும் முறுக்கினால் மூடி வளையும். காய்ந்து கெட்டியான வளையத்தை மாற்றுவதே வழி. சாதாரண ரப்பரில் வளையம் செய்து போட்டால் என்ன? ஒரு ரப்பர் பேண்டைத் தேங்காய் எண்ணெயில் சில நாள் ஊறப்போட்டு, ஊறாத இன்னொன்றோடு சேர்த்து இழுத்துப் பாருங்கள். எண்ணெய் உள்ளே நுழைந்து ரப்பரை உப்பச்செய்து வலுவைக் குறைத்திருக்கும். அதனால்தான் ஆயில் சீல்களுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்.

எண்ணெய் வடிக்கும் பிளக்கிலும் குழாய் முனைகளிலும் செம்பு வாஷர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நசுங்கி நசுங்கிச் செம்பு கெட்டியாகியிருக்கும். பெரியவர் அதை மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி ஆறவிட்டால், உள்ளே கலைந்துபோன படிகங்கள் புதிதாக அடுக்கிக்கொண்டு மறுபடி மிருதுவாகிவிடும். எஃகைக் காய்ச்சி நீரில் முக்கினால் கெட்டியாகும். செம்பு அப்படி இல்லை, வேகமாகக் குளிர்த்தாலும் மிருதுவாகவே இருக்கும்.

இவ்வளவு செய்தும் ராத்திரிக்குப் பத்துச் சொட்டு விழுகிறது என்றால்? 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் என்று தாராளமாகவே வைப்போம். மாதத்துக்கு 300 சொட்டு, 15 மி.லி. தொட்டியில் இருப்பது 2 லிட்டருக்கு மேல். அந்தக் கசிவால் இன்ஜின் காய்ந்துவிடாது. அட்டை விரித்து, வாரம் ஒருமுறை அளவு பார்த்து ஓட்டலாம் என்பதே என் தீர்ப்பு. பின் டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் படுகிறது என்றால் மட்டும் ஒரு சொட்டானாலும் வண்டியை எடுக்கக்கூடாது. அன்றைக்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

கடைசியாக, வடித்தெடுத்த பழைய எண்ணெய். சித்தப்பா அதை வேலியோரம் ஊற்றப் பார்ப்பார். மழைநாளில் ரோட்டுத் தண்ணீரில் வண்ண வண்ணமாக எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் மோதியும் தருகிற நிறம் அது. அந்த நிறம் தெரிகிறது என்றால் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் என்று பொருள். ஒரே சொட்டு ஒரு சதுர அடியை மூடிவிடும். சில எண்ணெய்கள் இதைவிடவும் பரவும். லண்டனில் கிளாபம் காமன் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கருக்குப் பரவியதைப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பார்த்து 1774இல் எழுதினார். கணக்குப் போட்டால் அந்தப் படலம் ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறின் தடிமன்தான்.

நம் வாய்க்கால்கள் போய்ச் சேருவது மன்னார் வளைகுடாவுக்கு. 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்த கடல் அது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் முத்தை வளர்த்தெடுத்ததும் அதே கடலின் சிப்பியில்தான். சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. தண்ணீரில் என்ன கலந்தாலும் அது வாய்க்குள் போகும். ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் உலோகத் துகளும், எரிந்த எண்ணெயின் நஞ்சும் கலந்திருக்கும். ஆகவே பழைய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, ‘பழைய ஆயில்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பழைய ஆயிலைச் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டர்கள் தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ இருக்கின்றனவா என்று விசாரித்து அங்கே கொடுக்கச் சொல்லுங்கள். சித்தப்பா டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நீங்களும் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டை மறக்க வேண்டாம்.